வெள்ளரிக்காய் ஊறுகாய்: முதல் ஜாடி கொழகொழத்துவிட்டது, எங்கே தவறினேன்?

முதல்ஜாடி எழுதியது:

வணக்கம். நண்பர் ஒருவர் வீட்டில், உப்புநீரில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சை முதன்முறையாகச் சாப்பிட்டேன். கடித்ததும் நறுக்கென்று உடைந்தது. அதன் பிறகுதான் புளிப்பு வந்தது. வினிகரைப் போல மூக்கில் ஏறும் புளிப்பு அல்ல. தயிருக்கு இருப்பதைப் போன்ற அடங்கிய புளிப்பு. பூண்டின் வாசம் கடைசியாக வந்து நின்றது. அன்றிரவே நானும் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்துவிட்டேன். எனக்குச் சமையல் பழக்கம் குறைவு. ஊறுகாய் போடுவது இதுதான் முதல் தடவை.

செய்ததை அப்படியே சொல்கிறேன். குளிர்பெட்டியில் ஐந்து நாட்களாகக் கிடந்த பெரிய வெள்ளரிக்காய்களை எடுத்தேன். கழுவி, விரல் தடிமனில் வட்டம் வட்டமாக நறுக்கினேன். முனைகளை வீணாக்க வேண்டாம் என்று அவற்றையும் போட்டேன். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் நான்கு பூண்டுப் பல், கொஞ்சம் கடுகு, கொஞ்சம் மிளகு. தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். கெட்டுப்போய்விடுமோ என்று பயம் வந்ததால் இரண்டு தேக்கரண்டி வினிகரும் விட்டேன். மூடியை இறுக்கி மூடி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன்.

மூன்றாம் நாளே நீர் கலங்கியது. ஆறாம் நாள் மேலே மிதந்த துண்டுகளைச் சுற்றி வெள்ளையாக ஓர் ஆடை படர்ந்தது. இன்று ஒன்பதாம் நாள். மூடியைத் திருகியதும் சீறிக்கொண்டு நீர் வழிந்தது. ஒரு துண்டை விரலால் பிடித்துத் தூக்கினேன். தோல் கையோடு வந்தது, சதை ஜாடியிலேயே நின்றுவிட்டது. வாசனையிலும் புளிப்பு இல்லை, ஈரத்துணியை மடித்து வைத்தது போல ஒரு நாற்றம்.

இதைச் சாப்பிடலாமா? ஆடையை மட்டும் எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? எந்த இடத்தில் தவறினேன் என்று யாராவது சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். மறுபடியும் போடத்தான் போகிறேன்.

மாலைவெயில் எழுதியது:

சாப்பிடாதீர்கள். ருசி பார்ப்பதற்காக நாக்கின் நுனியில்கூட வைக்காதீர்கள். கொழகொழப்பும் நாற்றமும் சேர்ந்து வந்துவிட்டால் அந்த ஜாடிக்கு மேற்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. முழுவதையும் கொட்டிவிட்டு, ஜாடியை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, கொதிநீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

தொடங்கும்போது வினிகர் முறையில் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. நானும் அப்படித்தான் பழகினேன். மூன்றே நாளில் சாப்பிடலாம், பயமும் இல்லை.

உப்புத்தராசு எழுதியது:

தம்பி, மனம் தளர வேண்டாம். நீங்கள் எதையும் மறைக்காமல் எழுதியிருப்பதால் தவறுகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன. ஜாடியைக் கொட்டிவிடுங்கள், அதில் மாலைவெயில் சொன்னதே சரி. பதினான்கு வருடங்களாக ஆண்டுதோறும் வெள்ளரிப் பருவத்தில் நான் உப்புநீர் ஜாடிகள் போட்டு வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் உப்பு. உங்கள் ஜாடி கெட்டதற்கு முதல் காரணம் அதுதான். இரண்டு தேக்கரண்டி கல்லுப்பு பத்து கிராமை ஒட்டித்தான் வரும். ஜாடியில் காயும் நீரும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ இருந்திருக்கும். அப்படியானால் உப்பு ஒரு சதவீதம். நமக்கு வேண்டியது மூன்றரை சதவீதம். உப்பின் வேலை ருசி மட்டும் அல்ல. அழுகலை உண்டாக்கும் கிருமிகளை அது ஆரம்பத்திலேயே அடக்கி வைக்கிறது. புளிப்பை உண்டாக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அந்த உப்பைத் தாங்கிக்கொண்டு பெருகுகின்றன. அவை அமிலத்தைச் சுரக்கச் சுரக்க, மற்றவற்றுக்கு அங்கே இடமில்லாமல் போய்விடுகிறது. உப்பு குறைந்தால் இந்தப் பந்தயத்தில் யார் முந்துவார்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் ஜாடியில் வேண்டாதவர்கள் முந்திவிட்டார்கள்.

கரண்டியால் உப்பை அளக்கவே அளக்காதீர்கள். தூளுப்பு ஒரு கரண்டியில் நெருக்கமாக உட்காரும். கல்லுப்பு இடைவெளி விட்டு உட்காரும். ஒரே கரண்டி, இரண்டு எடை. ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு இருந்தால் போதும். கணக்கு எளிது: காயின் எடையையும் ஊற்றும் நீரின் எடையையும் கூட்டுங்கள், அதில் நூற்றுக்கு மூன்றரை. 700 கிராம் காய், 500 மில்லி நீர் என்றால் மொத்தம் 1200 கிராம். உப்பு 42 கிராம். இந்த அளவு ஒன்றரை லிட்டர் ஜாடியில் மேலே கொஞ்சம் இடம் விட்டு அடங்கும். அயோடின் சேர்த்த தூளுப்பில் கட்டி பிடிக்காமல் இருக்க ஏதாவது கலந்திருப்பார்கள், அது நீரைக் கலங்கலாக்கும். எதுவும் கலக்காத கல்லுப்பு இருந்தால் நல்லது.

அடுத்தது, நீங்கள் வீணாக்க வேண்டாம் என்று போட்ட அந்த முனை. ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் கொடியிலிருந்து அறுத்த காம்பின் தடம், கொஞ்சம் ஈரப்பச்சையாக இருக்கும். மறுமுனையில் பழுப்பாக ஒரு சிறிய தழும்பு இருக்கும். புதிதாகப் பறித்த பிஞ்சென்றால் காய்ந்த பூவே ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். அந்தப் பூ முனையில்தான் காயை மெத்தென்று ஆக்கும் நொதிகள் தங்கியிருக்கின்றன. காயின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பசை பெக்டின். அந்த நொதிகள் பெக்டினைக் கரைத்துவிடும். தோல் தனியாக, சதை தனியாகக் கழன்றது என்றீர்களே, அது நடந்த விதம் இதுதான். பூ முனையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் சீவி எறிந்துவிடுங்கள். எது பூ முனை என்று சந்தேகம் வந்தால் இரண்டு முனைகளையும் சீவுங்கள், நட்டம் ஒன்றும் இல்லை. ஜாடியில் திராட்சை இலை போடச் சொல்வார்கள். அதிலுள்ள டானின் அந்த நொதிகளைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பூ முனையைச் சீவிவிட்டால் இலை இல்லாமலேயே காய் நன்றாக நிற்கும். நான் இலை போடுவதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

காயைப் பற்றி. பெரிய காய் வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் பிஞ்சு, விதை முற்றாதது, தோலில் சிறு முண்டுகள் உள்ளது. பறித்த அன்றே, தவறினால் மறுநாளே போட வேண்டும். நாள் ஆக ஆகக் காயின் உள்ளே பொந்து விழும். கழுவும்போதே அது தெரிந்துவிடும்: நல்ல காய் நீரில் தாழ்ந்து கிடக்கும், பொந்துக்காய் குதித்து மேலே வந்து மிதக்கும். மிதப்பதைத் தனியாக எடுத்து அன்றே பச்சையாகத் தின்றுவிடுங்கள். மெழுகு பூசிய காயாக இருந்தால் உப்புநீர் உள்ளே இறங்காது. நகத்தால் கீறினால் மெழுகு சுருண்டு வரும். பிஞ்சுகளை நறுக்காமல் முழுதாகவே போடுங்கள். நறுக்கிய துண்டு சீக்கிரம் மெத்தென்று ஆகும்.

இனி எப்படிப் போடுவது என்று சொல்கிறேன். பிஞ்சுகளைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள், வாடிய காய் நீரைக் குடித்து விறைப்பாகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமானால் கொதிக்க வைத்து ஆற விடுங்கள், பிறகு அதில் உப்பைக் கரையுங்கள். ஜாடியின் அடியில் பூண்டு, கடுகு, மிளகு, கிடைத்தால் ஒரு கொத்து சதகுப்பை. அதன் மேல் பிஞ்சுகளை நிற்க வைத்து, நகர இடமில்லாமல் நெருக்கி அடுக்குங்கள். உப்புநீரை ஊற்றி, காய்கள் முழுக்க மூழ்கும்படி மேலே பாரம் வையுங்கள். ஜாடியின் வாயில் நுழையும் சிறிய கண்ணாடிக் கிண்ணம் போதும். அது இல்லையென்றால் உணவுக்கான பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பிக் கட்டி மேலே வைக்கலாம். ஆனால் அந்தப் பையிலும் அதே உப்புநீரையே நிரப்புங்கள். பை ஒழுகினாலும் ஜாடியின் உப்பு குறையாது.

நீருக்கு மேலே தலை நீட்டும் காய்தான் முதலில் கெடும். இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

மூடியை இறுக்காதீர்கள். உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு வெளியேற வழி வேண்டும். நீங்கள் திறந்தபோது சீறியது அதுதான். இறுக்கிய கண்ணாடி ஜாடி வெடிக்கவும் கூடும். அடியில் ஒரு தட்டு வையுங்கள், நீர் வழியும். அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் மிகவும் பொருத்தமான வெப்பநிலை. 27-ஐத் தாண்டினால் காய் மெத்தென்று ஆகிவிடும். வெயில் படாத, வீட்டிலேயே குளுமையான மூலையைத் தேடுங்கள்.

முதல்ஜாடி எழுதியது:

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன். ஜாடியைக் கொட்டிக் கழுவிவிட்டேன், தராசு வாங்கிவிட்டேன்.

ஒரு குழப்பம் மிச்சம் இருக்கிறது. மாலைவெயில் வினிகர் முறை என்கிறார், நீங்கள் உப்புநீர் என்கிறீர்கள். நான் இரண்டையும் கலந்துவிட்டேனோ? அந்த இரண்டு தேக்கரண்டி வினிகர்தான் கெடுத்ததா? இன்னொன்று, ஜாடியில் பித்தளை மூடி போடலாமா?

ஆய்வகமேசை எழுதியது:

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த இரண்டு தேக்கரண்டி வினிகர் எதையும் கெடுக்கவில்லை. ஆனால் எதையும் காப்பாற்றவும் இல்லை. அதுதான் கவனிக்க வேண்டியது. உப்புநீர் முறையில் அமிலத்தைப் பாக்டீரியாக்களே உண்டாக்குகின்றன. வினிகர் முறையில் அமிலத்தை நாம் முதல் நிமிடத்திலேயே ஊற்றிவிடுகிறோம். இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.6-க்குக் கீழே இறங்க வேண்டும். பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சுத்தன்மையை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா அந்த அளவுக்குக் கீழே வளராது. நன்றாகப் புளித்த வெள்ளரி ஜாடி 4-க்கும் கீழே போய் நிற்கும். பி.எச். காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்த்தால் வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

வினிகர் முறையில் போடுவதென்றால் அளவைக் குறைக்கக் கூடாது. புட்டியில் 5 சதவீத அமிலம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அந்த வினிகரும் நீரும் சரிக்குச் சரி. புளிப்பு அதிகம் என்று தோன்றினால் சர்க்கரை சேருங்கள், நீரைக் கூட்டாதீர்கள். வீட்டில் தயாரித்த வினிகரை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். அதன் அமிலச் செறிவு ஒவ்வொரு முறையும் மாறும், நாக்கால் அதைக் கணிக்க முடியாது.

வெள்ளை ஆடையைப் பற்றிக் கேட்டீர்கள். தட்டையாக, மெல்லிய சுருக்கங்களோடு, நிறமில்லாமல் படர்ந்தால் அது பெரும்பாலும் ஒருவகை ஈஸ்ட். அது விஷம் அல்ல. ஆனால் விட்டுவைத்தால் ஜாடியில் உண்டான லாக்டிக் அமிலத்தையே தின்னத் தொடங்கும். அமிலம் குறைந்தால் பாதுகாப்பும் குறையும். ஆகவே பார்த்த உடனே சுத்தமான கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். பஞ்சு போல உயர்ந்து, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் காட்டினால் அது பூஞ்சணம். அந்த ஜாடியை மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

பித்தளை மூடி கூடாது. பித்தளை, செம்பு, அலுமினியம், துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்பு ஆகிய எல்லாமே உப்போடும் அமிலத்தோடும் வினைபுரியும். கண்ணாடி, பீங்கான், துருப்பிடிக்காத எஃகு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாலைவெயில் எழுதியது:

என் அளவையும் சொல்லிவிடுகிறேன், தேவைப்படுவோர் எடுத்துக்கொள்ளலாம். வெள்ளரி 500 கிராம், பூ முனை சீவி, நீளவாக்கில் நான்காகப் பிளந்தது. வினிகர் 250 மில்லி, நீர் 250 மில்லி, உப்பு 15 கிராம், சர்க்கரை 10 கிராம். இவற்றை எஃகுப் பாத்திரத்தில் ஒரு கொதி விட்டு, காயும் பூண்டும் கடுகும் நிரப்பிய ஒரு லிட்டர் ஜாடியில் சூட்டோடு ஊற்றுவேன். ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில். மூன்றாம் நாள் சாப்பிடலாம். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவோம். இது எப்போதும் குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும், வெளியே அலமாரியில் வைக்கும் ஊறுகாய் அல்ல.

புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கையில் ஒரு வெற்றி வேண்டும். அதனால்தான் முதலில் இதைச் சொன்னேன். ஒன்பது நாள் காத்திருந்து கொட்டுகிறவர்கள் பலர் மறுபடி அந்தப் பக்கமே வருவதில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டு.

உப்புத்தராசு எழுதியது:

மாலைவெயில் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவருடைய அளவும் நல்ல அளவு. ஆனால் தம்பி தேடி வந்தது அந்த ருசியை அல்ல. தயிரைப் போன்ற அடங்கிய புளிப்பு என்று எழுதியிருக்கிறார். வினிகர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் புளிப்பைத் தராது, அது அசிட்டிக் அமிலத்தின் புளிப்பு. லாக்டிக் அமிலத்தின் புளிப்பு வேண்டுமானால் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டு ஜாடியும் போடுங்கள், தம்பி. வினிகர் ஜாடியை மூன்றாம் நாள் திறந்து சாப்பிட்டுக்கொண்டே மற்றதற்குக் காத்திருக்கலாம்.

ஜாடிகளைக் கொதிநீரில் மூழ்க வைத்துக் காற்றுப்புகாமல் மூடி, மாதக்கணக்கில் வெளியே வைக்கும் முறையும் உண்டு. அதற்குச் சோதித்து உறுதிசெய்த அளவுகளும், ஜாடிக்கும் இடத்தின் உயரத்துக்கும் ஏற்ற நேரக்கணக்கும் வேண்டும். அந்தச் சூட்டில் காயின் மொறுமொறுப்பும் கொஞ்சம் போகும். முதல் வருடத்தில் அதில் இறங்க வேண்டாம். குளிர்பெட்டி போதும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஜாடியின் மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, காயின் எடை, நீர், உப்பு, போட்ட தேதி இவற்றை எழுதுங்கள். ஜாடி நன்றாக வந்தாலும் கெட்டாலும் அந்தத் துண்டு உங்களுக்கு விஷயம் சொல்லும். என்னுடைய பழைய துண்டுகளை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். வெயில் கூடிய வருடம் எது, காய் முற்றிப்போன வருடம் எது என்று அதில் தெரியும்.

முதல்ஜாடி எழுதியது (நான்கு நாட்கள் கழித்து):

இரண்டு ஜாடிகளும் போட்டேன். வினிகர் ஜாடியைத் திறந்து சாப்பிட்டாயிற்று, வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மாலைவெயில் அவர்களுக்கு நன்றி.

உப்புநீர் ஜாடியில் இன்று நான்காம் நாள். காய் 690 கிராம், நீர் 510, உப்பு 42. காயைக் கழுவும்போது மூன்று பிஞ்சுகள் மிதந்தன, எடுத்துவிட்டேன். ஜாடியின் பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கடுகின் மேலும் ஒரு குமிழி ஒட்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு கழன்று, இரண்டு பிஞ்சுகளுக்கு இடையே இருக்கும் சந்தில் ஏறி மேலே போகிறது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மூன்று விஷயங்கள் பயமுறுத்துகின்றன. நீர் மறுபடியும் கலங்கிவிட்டது. பிஞ்சுகளின் பளிச்சென்ற பச்சை போய், பழுப்பு கலந்த மங்கிய பச்சை வந்துவிட்டது. இரண்டு பூண்டுப் பற்கள் நீல நிறமாகிவிட்டன! இந்த முறையும் கொட்ட வேண்டியதுதானா?

ஆய்வகமேசை எழுதியது:

கொட்டாதீர்கள், மூன்றும் இயல்பானவை.

பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் வினைபுரிந்து நீலமோ பச்சையோ ஆகும். தாராளமாகச் சாப்பிடலாம். பிஞ்சின் நிறம் மாறியது நல்ல சகுனம்: பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது, அமிலம் அதை வெளியேற்றிவிட்டால் நிறம் மங்கிப் பழுப்பாகும். அதாவது அமிலம் உண்டாகிறது என்பதை அந்த நிறமே சொல்கிறது. கலங்கல் என்பது பெருகியிருக்கும் பாக்டீரியாக்கள். வேலை முடிந்ததும் அடியில் வெள்ளை மாவு போலப் படியும்.

போன முறையும் நீர் கலங்கியதே என்று கேட்கலாம். கலங்கலை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மூக்கையும் விரலையும் நம்புங்கள். புளித்த வாசனை வருகிறதா? காயை அழுத்தினால் விறைப்பாக நிற்கிறதா?

முதல்ஜாடி எழுதியது:

புளித்த வாசனைதான். பூண்டும் சதகுப்பையும் சேர்ந்து நன்றாக இருக்கிறது. காய் கல் போல நிற்கிறது. நிம்மதி.

உப்புத்தராசு எழுதியது:

அப்படியானால் இனி அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். நாளுக்கு ஒருமுறை பாரம் நழுவியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஆடை தெரிந்தால் வழித்தெடுங்கள். நீர் குறைந்து காய் தலை நீட்டினால் அதே அளவு உப்புநீரைத் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள், வெறும் நீர் ஊற்றாதீர்கள். அதற்கு ஒரு லிட்டர் நீருக்கு 35 கிராம் என்று கலக்குங்கள். முதலில் நீங்கள் ஊற்றிய நீரில் உப்பு லிட்டருக்கு 80 கிராமுக்கு மேல் இருந்தது உண்மைதான். ஆனால் காய்க்குள் உப்பு இறங்கியதும் அது மூன்றரை சதவீதமாகச் சமன்பட்டுவிடும், இனி ஊற்றுவதும் அதே அளவில் இருக்க வேண்டும்.

எட்டாம் நாளுக்குப் பிறகு ஒரு பிஞ்சை எடுத்துக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். ஓரம் கண்ணாடி போலவும் நடுப்பகுதி வெள்ளையாகவும் இருந்தால் பாதிதான் ஊறியிருக்கிறது. அதுவும் தனி ருசி, எனக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். உள்ளே முழுவதும் ஒரே நிறமாக, ஒளி ஊடுருவும்படி ஆக மூன்று நான்கு வாரங்கள் ஆகும். எந்தக் கட்டத்தில் ருசி பிடிக்கிறதோ அப்போது குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். புளிப்பது நின்றுவிடாது, மிக மெதுவாகும்.

முதல்ஜாடி எழுதியது (ஒன்பது நாட்கள் கழித்து):

இன்று பதின்மூன்றாம் நாள். பத்தாம் நாள் மெல்லிய ஆடை ஒன்று வந்தது, வழித்தெடுத்தேன், மறுபடி வரவில்லை. நீரின் கலங்கல் பாதி தெளிந்து, ஜாடியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

காலையில் ஒரு பிஞ்சை எடுத்துப் பலகையில் வைத்து வெட்டினேன். கத்தி இறங்கும்போதே ஓசை கேட்டது. அக்கா சொன்னபடியே இருந்தது: தோலை ஒட்டி ஒரு விரற்கடைக்கும் குறைவாகக் கண்ணாடி வளையம், நடுவில் விதைகளைச் சுற்றி இன்னும் வெள்ளை. பாதியை நான் சாப்பிட்டேன். நண்பர் வீட்டில் சாப்பிட்டதைவிடப் புளிப்பு கொஞ்சம் குறைவு, மற்றபடி அதே ருசி. மீதிப் பாதியை அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டு, இன்னொன்று எடுக்கச் சொன்னார்.

ஆறு பிஞ்சுகளைச் சின்ன ஜாடிக்கு மாற்றி, அந்த உப்புநீரையே ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். மற்றவை நான்கு வாரம் முடியும்வரை வெளியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். காகிதத் துண்டில் தேதியும் எடையும் எழுதியாயிற்று, நோட்டும் ஒன்று வாங்கிவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி: காய் தீர்ந்த பிறகு இந்த உப்புநீரில் அடுத்த ஜாடியைப் போடலாமா?

உப்புத்தராசு எழுதியது:

அப்படியே போடக் கூடாது, தம்பி. அதிலிருந்த உப்பில் பாதிக்கு மேல் காய்க்குள் போய்விட்டது, அடுத்த காய்க்கு அது போதாது. புதிதாக உப்புநீர் எடை போட்டுக் கலக்குங்கள். பழைய நீரில் இரண்டு கரண்டி வேண்டுமானால் அதில் விடலாம், புளிப்பு ஒரு நாள் முன்னதாகத் தொடங்கும். விடாவிட்டாலும் குறையில்லை, காயின் தோலிலேயே தேவையான பாக்டீரியா இருக்கிறது. அதனால்தான் காயை சோப்பால் கழுவ வேண்டாம் என்பது.

அம்மாவுக்கு உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.